டாட்மர்டன்: நடனக் கூடத்துக்குள் எல்லைக்கோடு ஓடிய ஊர்

வட இங்கிலாந்தில் டாட்மர்டன் என்று ஒரு சின்ன ஊர். அதன் நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் வால்ஸ்டன் வாட்டர் என்ற சிற்றாறு ஓடுகிறது. 1875-இல் கட்டடத்தைத் திறந்தபோது அந்த ஆறுதான் லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் எல்லை. ஆற்றைத் திருப்பாமல், பக்கத்தில் வேறு இடமும் தேடாமல், அதன் மேலேயே வளைவு போட்டு ஒரு கிரேக்கக் கோயில் மாதிரி கட்டடத்தை எழுப்பிவிட்டார்கள். மாடியில் நடனக் கூடம். ஜோடியாக ஆடுகிறவர்கள் ஒரு சுற்று சுற்றினால் லங்காஷயரில் தொடங்கி யார்க்‌ஷயருக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, அந்த இரண்டு கவுண்டிகளுக்கும் நடுவில் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன் மாதிரி, ஆனால் பாசம் மாவட்டத்தைவிடப் பல மடங்கு. பதினைந்தாம் நூற்றாண்டில் லங்காஸ்டர் குலமும் யார்க் குலமும் அரியணைக்காக அடித்துக்கொண்ட போர்களுக்கு ரோஜாப் போர்கள் என்று பெயர். அந்தக் குலச் சண்டை உண்மையில் இந்த இரண்டு கவுண்டி மக்களுக்கும் நடந்தது இல்லைதான். அதனால் என்ன, சிவப்பு ரோஜா லங்காஷயருக்கு, வெள்ளை ரோஜா யார்க்‌ஷயருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு இன்றைக்கும் கிரிக்கெட்டில் முறைத்துக்கொள்கிறார்கள். நடுவில் பென்னைன் மலைத்தொடர். மேற்கே ஈரக்காற்று அடிக்கும் லங்காஷயர் பருத்திக்குப் பேர்போனது, கிழக்கே யார்க்‌ஷயர் கம்பளிக்கு. டாட்மர்டன் அந்த மலைத்தொடரின் இடுக்கில், மூன்று பள்ளத்தாக்குகள் கூடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு பர்ன்லிக்குப் போகும், ஒன்று ராச்டேலுக்கு, ஒன்று ஹாலிஃபாக்ஸ் பக்கம். முதல் இரண்டு ஊரும் பழைய லங்காஷயர், மூன்றாவது யார்க்‌ஷயர்.

ஊரின் பெயரிலேயே எல்லை இருக்கிறது என்கிறார்கள் பெயராய்வாளர்கள்: டொட்டா என்ற ஒரு பழங்காலத்து ஆளின் எல்லைப் பள்ளத்தாக்கு என்பது அவர்கள் சொல்லும் பொருள். உள்ளூரில் நரிக் கதை ஒன்றும் உண்டு, ஏனென்றால் ‘டாட்’ என்றால் வட்டார வழக்கில் நரி. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் திக்கென்றிருக்கும். அந்த மொழியில் முதல் பாதி சாவு, அடுத்த பாதி கொலை. ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘டாட்’ என்று கூப்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

சரி, எல்லை ஊர் என்றால் நடைமுறையில் என்ன? இந்த ஊர் உண்மையில் மூன்று தனித்தனி ஊராட்சிப் பகுதிகள் ஒட்டி உருவானது. டாட்மர்டன்-வால்ஸ்டன் லங்காஷயரில், லாங்ஃபீல்டும் ஸ்டான்ஸ்ஃபீல்டும் யார்க்‌ஷயரில். கடைத்தெரு ஒன்று, மில் ஒன்று, மழை ஒன்று, ஆனால் மாஜிஸ்ட்ரேட் மட்டும் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுவார். எந்தக் கவுண்டிக்கும் இது ஓரம்தான், கண்காணிப்பும் அக்கறையும் மலை தாண்டி மெதுவாகத்தான் வரும். இந்த ஊரின் பிடிவாதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. யாரும் நம்மைக் கவனிக்கவில்லை என்றால் ஒன்று புலம்பலாம், இல்லை நாமே பார்த்துக்கொள்ளலாம். டாட் இரண்டையும் நன்றாகவே செய்திருக்கிறது.

மில்லுக்கு முன்னால் இங்கே தறிதான். மலைச்சரிவில் சிதறிக் கிடந்த கல்வீடுகளில் குடும்பமாக உட்கார்ந்து நெய்தார்கள். வெளிச்சத்துக்காக மாடியில் வரிசையாகக் குறுகலான ஜன்னல்கள் வைத்த அந்த நெசவாளர் வீடுகள் இன்னும் நிற்கின்றன, இப்போது அதற்கு நல்ல விலை. மலை மேட்டில் மண் விவசாயத்துக்கு லாயக்கில்லை. கொஞ்சம் ஆடு, கொஞ்சம் மாடு, மிச்ச வயிற்றுக்குத் தறி. 1782-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோஷுவா ஃபீல்டன் என்பவர் மலையிலிருந்து கீழே இறங்கிப் பள்ளத்தாக்கில் சில குடிசை வீடுகளில் பருத்தி நூற்கத் தொடங்கினார். சின்னதாகத் தொடங்கிய இந்தத் தொழில் ஐம்பது வருடத்தில் இங்கிலாந்தின் பெரிய பருத்தி நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. அப்புறம் 1798-இல் ராச்டேல் கால்வாய் வந்தது, 1841-இல் மான்செஸ்டரையும் லீட்ஸையும் இணைக்கும் ரயில் வந்தது. ஊர் மலையை விட்டு முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார்கள் என்பதற்கு லம்பட்ஸ் என்ற பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்கோபுரம் சாட்சி. அதற்குள்ளே மூன்று நீர்ச்சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விழுகிற தண்ணீரைக் கீழ்ச் சக்கரம் பிடித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள்.

ஜோஷுவாவின் மகன் ஜான் ஃபீல்டன்தான் இந்த ஊர் வரலாற்றின் நடுநாயகம், அவரிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1784-இல் பிறந்தவர், பத்து வயதுவாக்கில் அப்பாவின் மில்லிலேயே வேலைக்கு இறங்கியவர். முதலாளி மகன்தான், ஆனாலும் சின்னப் பையன் நாள் முழுக்க எந்திரத்தோடு நின்றால் கால் எப்படி வலிக்கும் என்று அவருக்கு உடம்பால் தெரியும். 1832-இல் ஓல்டம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். மில்லில் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மில் முதலாளியே நாடாளுமன்றத்தில் மல்லுக்கட்டியது மற்ற முதலாளிகளுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1847-இல் அவர் கொண்டுவந்த பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. சட்டத்தில் ஆண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் பெண்களும் பிள்ளைகளும் இல்லாமல் மில்லை ஓட்ட முடியாது என்பதால் ஆண்களுக்கும் அந்தப் பலன் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அதே வருடம் நடந்த தேர்தலில் ஓல்டம் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அரசியல் எங்கேயும் அரசியல்தான்.

அவரை ஒரேயடியாகத் தெய்வமாக்கவும் வேண்டாம். அந்த மில்களில் ஓடிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. டாட்மர்டனில் ஒரு தொழிலாளிக்கு இரண்டு மணி நேரம் குறைந்ததற்கும், கடலுக்கு அந்தப் பக்கம் நேரக் கணக்கே இல்லாமல் உழைத்தவர்களுக்கும் ஒரே நூல்தான் போகிறது. ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலையில் இந்தப் பகுதியைத் தேடினால் கிடைக்காது.

ஃபீல்டனும் ஊரும் சேர்ந்து செய்த இன்னொரு வேலைதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1834-இல் லண்டன் ஒரு புதிய ஏழைகள் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை ஏழைக்கு வீட்டிலேயே கொஞ்சம் காசோ ரொட்டியோ கொடுத்துத் தாங்கினார்கள். இனிமேல் உதவி வேண்டுமென்றால் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற விடுதிக்குள் வந்து அடைபட வேண்டும். அங்கே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வேண்டுமென்றே கசப்பாக வைத்தால்தான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது சட்டம் போட்டவர்களின் எண்ணம். ஆனால் மில் ஊர்களில் ஏழ்மை வருவது சோம்பலால் இல்லையே. சந்தை விழுந்தால் ஒரே வாரத்தில் தெருவே வேலையிழக்கும், இரண்டு மாதம் கழித்துத் தெருவே வேலைக்குத் திரும்பும். அதற்கு விடுதியா கட்டுவார்கள்?

டாட்மர்டன் முடியாது என்றது. புதிய சட்டப்படி நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கவே டாட்மர்டன், லாங்ஃபீல்டு இரண்டு பகுதிகளும் மறுத்தன. குழு விலகாவிட்டால் மில்லை மூடுவேன் என்று 1838-இல் ஃபீல்டன் மிரட்டினார், மூடியும் காட்டினார். அதே வருடம் நவம்பரில், அபராதம் கட்ட மறுத்த ஓர் உள்ளூர் அதிகாரியின் சாமான்களை ஜப்தி செய்ய ஹாலிஃபாக்ஸிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். மேங்க்கின்ஹோல்ஸ் என்ற கிராமத்தில் கூட்டம் அவர்களைச் சூழ்ந்து, வெளுத்து விரட்டியது. சில நாள் கழித்துச் சட்டத்தை ஆதரித்தவர்களின் வீடுகளில் புகுந்து ஜன்னலும் மேஜை நாற்காலியும் நொறுக்கினார்கள். ராணுவம் வந்து ஊரில் முகாம் போட்டது. அதற்கும் ஊர் மசியவில்லை. நாடெங்கும் வொர்க்ஹவுஸ்கள் எழும்பிய பிறகும் 1870-களின் கடைசி வரை, கிட்டத்தட்ட நாற்பது வருடம், டாட்மர்டன் அதைக் கட்டாமலேயே இழுத்தடித்தது.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் வடக்கு மாநிலங்களின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்தது. பருத்தி வருவது நின்றது, லங்காஷயர் முழுக்கப் பட்டினி. நாம் இந்தக் கதையில் நுழைவது இங்கேதான். அவசரத்துக்கு இந்தியப் பஞ்சை வாரிக்கொண்டு போனார்கள். லிவர்பூல் சந்தையில் ‘சூரத்’ என்று பொதுப்பெயர், தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பஞ்சுக்கும் அங்கே தனிப்பெயர் உண்டு. நம் கரிசல் காட்டில் பருத்தி விலை எகிறியபோது, அதே பஞ்சை நூற்ற அந்த ஊர்த் தொழிலாளிகள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். இழை குட்டை, அவர்களுடைய எந்திரமோ நீண்ட அமெரிக்க இழைக்குப் பழகியது. நூல் அறுந்துகொண்டே இருக்கும், அறுந்தால் உற்பத்தி குறையும், துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்குக் கையில் காசு குறையும். லங்காஷயர் என்றால் அந்நியத் துணிகளைக் கொளுத்திய காலத்து எதிரி என்றுதான் நமக்குப் பழக்கம். அந்தத் துணிக்குப் பின்னால் இப்படியும் ஒரு வீடு இருந்தது.

ஜான் ஃபீல்டனின் மகன்கள் காலத்தில் ஊருக்குக் கட்டட ஆசை பிடித்தது. நகர மன்றம் பெரும்பாலும் அவர்கள் காசு, செலவு 54,000 பவுண்டு. முகப்பின் மேலே முக்கோணத்தில் சிற்பம்: ஒரு பாதியில் லங்காஷயரின் பருத்தி வேலை, மறு பாதியில் யார்க்‌ஷயரின் கம்பளி, விவசாயம், எந்திரத் தொழில். நடுவில் இரண்டு பெண்கள், கவுண்டிக்கு ஒருத்தி. அப்பா நினைவாக ஒரு தேவாலயம், மலைமேல் டாப்ராய்டு என்று ஒரு கோட்டை வீடு. மூன்றையும் வடிவமைத்தவர் ஜான் கிப்சன் என்ற ஒரே கட்டடக் கலைஞர். கோட்டையைப் பற்றி ஊர்க்கதை ஒன்று உண்டு: இளைய ஜான் ஃபீல்டன் ரூத் என்ற நெசவுத் தொழிலாளிப் பெண்ணைக் காதலித்தார், எனக்கு ஒரு கோட்டை கட்டிக் கொடுத்தால் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ரூத் சொன்னாராம். கல்யாணம் நடந்து பல வருடம் கழித்துத்தான் கோட்டை எழும்பியது, ஆகவே கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் அந்தக் கோட்டை சிறார் சீர்திருத்தப் பள்ளியானது, பௌத்த மையமானது, இப்போது பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கி விளையாடும் முகாம்.

ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது இன்னொன்று: ஸ்டூட்லி பைக் என்ற மலைமுகட்டில் 121 அடி உயரத்துக்கு ஒரு கறுத்த கல்தூண். நெப்போலியன் வீழ்ந்த சமாதானத்துக்காக 1815-இல் கட்டி முடித்த முதல் தூண் 1854-இல் இடிந்து விழுந்தது. கிரிமியப் போர் தொடங்கிய வருடம் அது. ரஷ்யத் தூதர் லண்டனை விட்டுக் கிளம்பிய அன்றே விழுந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். போர் முடிந்த 1856-இல் புதுத்தூண் தயார். சமாதானத்தை நினைவுபடுத்தக் கட்டிய தூண் போர் வந்ததும் விழுந்ததென்றால் எந்த ஊர்தான் கதை கட்டாமல் விடும்?

1888-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தபோது எல்லைக் குழப்பத்துக்கு லண்டன் முடிவு கட்டியது. எல்லைக்கோட்டைத் தூக்கி மேற்கே நகர்த்தி, ஊர் முழுவதையும் யார்க்‌ஷயரில் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் வேலை முடிந்தது. ஆனால் வாழ்க்கை பழைய கோட்டிலேயே ஓடியது. இன்றைக்கும் தபால் குறியீடு ஓல்டத்துடையது, தொலைபேசிக் குறியீடு ராச்டேலுடையது, இரண்டும் அந்தப் பக்கம். போலீஸும் மாநகராட்சியும் இந்தப் பக்கம்: 1974 முதல் ஹாலிஃபாக்ஸைத் தலைமையாகக் கொண்ட கால்டர்டேல் நிர்வாகத்தில் இது ஒரு மூலை. ஓரத்தில் இருந்த ஊர் மறுபடி ஓரத்துக்கே போனது என்று சொல்லலாம்.

இந்த ஊர் அறிவியலுக்குக் கொடுத்தது அதன் அளவுக்கு ரொம்பவே அதிகம். 1932-இல் எர்னஸ்ட் வால்டனோடு சேர்ந்து முதல்முறையாக எந்திரத்தால் வேகமூட்டிய துகள்களைக் கொண்டு அணுக்கருவைப் பிளந்த ஜான் காக்கிராஃப்ட் 1897-இல் இங்கே பிறந்தவர், மில் குடும்பம். 1951-இல் இயற்பியல் நோபல். 1921-இல் இதே ஊரில் பிறந்த ஜெஃப்ரி வில்கின்சனுக்கு 1973-இல் வேதியியல் நோபல். இரண்டு பேரும் ஒரே பள்ளி, அதைவிட ஆச்சரியம், இருவருக்கும் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் ஒருவரே. காக்கிராஃப்ட் பற்றி எனக்குப் பிடித்த துணுக்கு நோபல் இல்லை. வடமேற்கு இங்கிலாந்தில் இருந்த விண்ட்ஸ்கேல் அணு உலைகளின் புகைபோக்கிகளில் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்று கட்டுமானம் பாதி நடக்கும்போது அடம்பிடித்து, உயர்ந்த புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டியைக் கட்டவைத்தார். ‘காக்கிராஃப்டின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். 1957-இல் உலை தீப்பிடித்தபோது வெளியேறிய கதிரியக்கத் தூசியில் கணிசமானதைப் பிடித்து நிறுத்தியது அதுதான், கேலியும் அதோடு நின்றது.

பருத்தி முதல் உலகப் போருக்குப் பிறகு சரியத் தொடங்கி, இரண்டாம் போருக்குப் பின் மில் மில்லாகச் செத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 25,000-ஐ ஒட்டி இருந்த மக்கள் தொகை இப்போது 15,000-ஐச் சுற்றி. வேலை போனதும் இளசுகள் மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் போனார்கள். 1984 டிசம்பரில் பக்கத்து சம்மிட் சுரங்கப்பாதையில் பெட்ரோல் ரயில் தடம்புரண்டு எரிந்தபோதுதான் பலர் இந்தப் பக்கத்தின் பெயரைச் செய்தியில் கேட்டிருப்பார்கள். 1841-இல் திறந்தபோது உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் அது, 2.6 கிலோமீட்டர். பதின்மூன்று டேங்கர்களில் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல். மலைமேல் இருந்த காற்றுத் துளைகள் வழியாகத் தீ வானத்துக்கு எழும்பியது. ஒருவரும் சாகவில்லை. செங்கல் பூச்சு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது, எட்டு மாதத்தில் ரயில் மறுபடி ஓடியது.

அதற்குப் பின் ஊர் தலைநிமிர்ந்தது கீரைப் பாத்தியால். 2008-இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி க்ளியர் என்ற இரண்டு பெண்கள் தொடங்கிய ‘இன்க்ரெடிபிள் எடிபிள்’ இயக்கத்தின் திட்டம் ரொம்ப எளிது: பொது இடத்தில் காலி மண் எங்கே கிடந்தாலும் சாப்பிடும் செடியை நடு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும். போலீஸ் நிலைய வாசலில் சோளம், ரயில் நிலையத்தில் மூலிகை, சுகாதார மையத்துக்கு முன்னால் பழச்செடிகள். அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை, நட்டுவிட்டு அப்புறம் பேசினார்கள். இப்போது பல நாடுகளில் இதைப் பார்த்துத் தொடங்கிய குழுக்கள் இருக்கின்றன, வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் உண்டு. இதனால் ஊரே சாப்பிட்டுவிடாது என்பது நட்டவர்களுக்கும் தெரியும். வொர்க்ஹவுஸை மறுத்த ஊரில் இது முளைத்ததில் எனக்கு வியப்பு இல்லை.

ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹெப்டன் பிரிட்ஜ் கலைஞர்களும் காபிக் கடைகளுமாக எப்போதோ மினுங்கத் தொடங்கிவிட்டது, அங்கே வீடு வாங்க முடியாதவர்கள் இங்கே வருகிறார்கள். 2015-இல் பழைய ரயில் வளைவுப் பாதையை மீண்டும் போட்டதால் பர்ன்லியிலிருந்து மான்செஸ்டருக்கு நேர் ரயில் இந்த ஊர் வழியாகப் போகிறது, அதுவும் விலையை ஏற்றும். வெள்ளம் மட்டும் இறக்குகிறது. செங்குத்தான சரிவு, குறுகிய பள்ளத்தாக்கு, ஆற்றை ஒட்டியே கட்டிய ஊர். மேட்டில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் தெருவில் நிற்கும். 2012, 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2020 என்று அடுத்தடுத்து அடி. போர்க்காலத்துச் சங்கு மாதிரி வெள்ள எச்சரிக்கைக்குச் சைரன் வைத்திருக்கிறார்கள், கேட்டதும் கடைக்காரர்கள் கதவுக்குத் தடுப்புப் பலகை மாட்ட ஓடுவார்கள்.

கடைசியாக, கிரிக்கெட். டாட்மர்டன் கிளப் ஆடுவது லங்காஷயர் லீக்கில், ஒரு காலத்தில் வெஸ்ட் இண்டீஸ் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் நெல்சன் என்ற ஊரின் அணிக்காக ஆடிய அதே லீக். யார்க்‌ஷயர் கவுண்டி அணிக்கோ நெடுங்காலம் ஒரு வைராக்கியம் இருந்தது: யார்க்‌ஷயர் மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டுமே இடம். 1992-இல் அதைத் தளர்த்தி முதல் வெளிநாட்டு வீரராக எடுத்தது நம் சச்சினைத்தான். அந்த வைராக்கியம் உச்சத்தில் இருந்த காலத்தில், 1940-இல் டாட்மர்டனில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர் பீட்டர் லீவருக்குப் பிறப்புச் சான்று யார்க்‌ஷயர், கதவு திறந்துதான் இருந்தது. அவர் போனது லங்காஷயருக்கு, அங்கிருந்து இங்கிலாந்து அணிக்கு. அவருக்கு முன்னால் இதே ஊரில் பிறந்த டெரெக் ஷாக்கிள்டன் இந்த வம்பே வேண்டாம் என்பதுபோலத் தெற்கே ஹாம்ப்ஷயருக்குப் போய் அங்கே ஆயிரக்கணக்கில் விக்கெட் எடுத்தார்.